துரை பங்களா வால்வு ரேடியோவில் நெட்டலை கேட்க முடியுமா? ஒலித் தரம் பற்றியும் ஒரு கேள்வி

செம்பனை (சுங்கை சிப்புட்):

எல்லாருக்கும் வணக்கம். பக்கத்துத் தோட்டத்தில் துரை பங்களாவை இடிப்பதற்கு முன்னால் உள்ளே கிடந்த சாமான்களை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அங்கே கிராணியாக இருந்த என் பெரியப்பா ஒரு பிலிப்ஸ் வால்வு ரேடியோவை எடுத்து வைத்திருந்தார், இப்போது அது என் வீட்டில் இருக்கிறது. துரை சீமையிலிருந்து வரும்போது கொண்டு வந்தது என்று பெரியப்பா சொல்வார். மரப்பெட்டி, முன்பக்கம் மஞ்சள் துணி, கண்ணாடி டயல் முழுக்க ஊர்ப் பெயர்கள். மத்திய அலை, சிற்றலை இரண்டோடு நெட்டலையும் (லாங் வேவ்) இருக்கிறது. அதில் 1500 மீட்டருக்கு நேராக டிராய்ட்விச் என்று எழுதியிருக்கிறது.

ராத்திரியில் மத்திய அலையில் தாய்லாந்து நிலையங்கள் வருகின்றன, ஆனால் குரல் கரகரத்து உடைந்து வருகிறது. நெட்டலையில் ஒரே இரைச்சல், ஓரிடத்தில் மட்டும் "டீ டிட் டிட்" என்று மோர்ஸ் மாதிரி ஒரு சத்தம் திரும்பத் திரும்ப வருகிறது. பெட்டி பழுதா, இல்லை இங்கே நெட்டலையே கிடையாதா?

இன்னொன்று. இணையத்தில் பிபிசி ரேடியோ 4-இன் நெட்டலை ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டேன். பண்பலை மாதிரி பளிச்சென்று இல்லை, ஆனாலும் குரல் கனமாக, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. இவ்வளவு பழைய முறையில் அந்தத் தரத்தை எப்படிக் காப்பாற்றுகிறார்கள்? டவுனில் ரிப்பேர் கடையில் கேட்டால், உள்ளே இருக்கும் காயிலையெல்லாம் பிடுங்கிவிட்டு புளூடூத் வைத்துத் தருகிறேன் என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை.

சிற்றலைப் பிரியன் (கோலக்கங்சார்):

பிடுங்க விடாதீர்கள் அண்ணே. பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, நம் ஊரில்தான் அந்த அலை இல்லை. உலக நாடுகள் அலைவரிசைகளைப் பிரித்துக்கொண்டபோது நெட்டலை ஒலிபரப்பு, அதாவது 148.5 முதல் 283.5 கிலோஹெர்ட்ஸ் வரை, முதல் மண்டலத்துக்குப் போனது. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, பழைய சோவியத் நாடுகள், மங்கோலியா எல்லாம் அதில் வரும். மலேசியா மூன்றாவது மண்டலம். அதோடு, இங்கே மாலையானால் இடி மின்னல்தான். மின்னலின் இரைச்சல் அலைவரிசை இறங்க இறங்கக் கூடும். வெப்ப மண்டல நாடுகளுக்கென்று சிற்றலையில் 60 மீட்டர், 90 மீட்டர் பட்டைகளைத் தனியாக ஒதுக்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீங்கள் கேட்ட மோர்ஸ் விமானங்களுக்கு வழிகாட்டும் பீக்கனாக இருக்கும். இரண்டு மூன்று எழுத்துகளைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். அது கேட்கிறது என்றால் உங்கள் நெட்டலைக் காயில் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், சந்தோஷப்படுங்கள்.

அப்புறம், டயலில் இருக்கும் டிராய்ட்விச் இங்கிலாந்தில் பிபிசியின் நெட்டலை டிரான்ஸ்மிட்டர் இருக்கும் ஊர், 1500 மீட்டர் என்று போட்டிருப்பது அதன் அந்தக் காலத்து 200 கிலோஹெர்ட்ஸ். 1988 பிப்ரவரி 1-ஆம் தேதி அதை 198-க்கு மாற்றினார்கள், இப்போதைய கணக்கில் 1515 மீட்டர் வரும். நெட்டலை நிலையங்கள் பெரும்பாலும் 9-இன் மடங்கில்தான் உட்கார்ந்திருக்கும்: 153, 162, 171, 198, 225, 252.

கோபுரத்தடி (ஓய்வு):

நான் மத்திய அலை டிரான்ஸ்மிட்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தம்பியின் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நெட்டலையில் நல்ல ஒலி கொடுப்பது மத்திய அலையைவிடக் கஷ்டம். முதல் எதிரி ஏரியல்தான். 198 கிலோஹெர்ட்ஸில் கால் அலை என்றாலே ஏறக்குறைய 380 மீட்டர் உயரம் வேண்டும். 1934-இல் தொடங்கிய டிராய்ட்விச்சில் இருப்பது 213 மீட்டர் உயரமுள்ள இரண்டு கம்பங்கள், நடுவே கம்பி கட்டியிருக்கிறார்கள். ஆக, அலை நீளத்துக்கு அது குட்டை ஏரியல். குட்டை ஏரியலைப் பெரிய காயில் போட்டு டியூன் செய்யும்போது அது ரொம்பக் கூர்மையாகிவிடும், நடு அலைவரிசையை மட்டும் நன்றாக விட்டுவிட்டு ஓரங்களை அமுக்கும். ஒலியின் உயர் சுரங்கள் அந்த ஓரங்களில்தான் போகின்றன. 4.5 கிலோஹெர்ட்ஸ் ஒலி என்பது 1000 கிலோஹெர்ட்ஸ் நிலையத்துக்கு அரை சதவீதத்துக்கும் கீழே, 198-க்கோ 2 சதவீதத்துக்கும் மேலே. அதனால் ஏரியலுக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் நடுவில் இருக்கும் சுற்றை அகலமாக, இரண்டு பக்கமும் சமமாக அமைக்க வேண்டும். ஒரு பக்கம் அமுங்கிவிட்டால் சாதாரண ரேடியோவின் டிடெக்டர் (அலையிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் பகுதி) அதை உடைந்த ஒலியாகத்தான் கொடுக்கும். மழை, ஈரம், எர்த் கம்பி துருப்பிடிப்பது, எல்லாமே இந்தச் சமநிலையைக் கெடுக்கும். அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பதுதான் பராமரிப்பில் பாதி வேலை.

போலந்துக்காரர்கள் 1974-இல் கொன்ஸ்டான்டினோவில் 646 மீட்டருக்கு ஒரு கம்பமே எழுப்பினார்கள், 227 கிலோஹெர்ட்ஸுக்கு அரை அலை அளவில். உலகத்திலேயே உயரமான கட்டுமானமாக இருந்தது. 1991 ஆகஸ்ட் 8-ஆம் தேதி தாங்குகம்பிகளை மாற்றும்போது விழுந்துவிட்டது. அந்தச் செய்தி வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்தது ஒலியைத் தயார் செய்வது. ஸ்டூடியோவிலிருந்து வருவதை அப்படியே அனுப்பினால் மெதுவான பேச்சு இரைச்சலுக்குள் போய்விடும், உரத்த சத்தம் அளவை மீறிவிடும். கீழ்ப்பக்கம் நூறு சதவீதத்தைத் தாண்டினால் ஒலியைச் சுமந்து போகும் கேரியர் அலையே ஒரு கணம் அறுந்து, பக்கத்து நிலையம் வரைக்கும் கரகரப்பு சிந்தும். அதனால் கம்ப்ரெசர், லிமிட்டர் வைத்து மெதுவானதை உயர்த்தி உரத்ததை அடக்குவார்கள், உயர் சுரங்களைக் கொஞ்சம் தூக்கிவிட்டு 4.5 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் வெட்டுவார்கள். ஆப்டிமோட் என்ற பெட்டி இந்த வேலைக்குப் பேர் போனது. நீங்கள் சொன்ன அந்தக் கனமான குரல் இங்கேதான் பிறக்கிறது. ஆனால் அளவு தெரிய வேண்டும். எங்கள் காலத்திலேயே சிலர் எல்லாக் குமிழையும் கடைசி வரை திருகிவிடுவார்கள், சத்தம் பெரிதாகும், அரை மணி நேரத்தில் கேட்பவருக்குத் தலை வலிக்கும். பேச்சு நிலையத்துக்கு அமுக்கிக் கொடுக்கலாம். வீணைக் கச்சேரியை அப்படி அமுக்கினால் அது பாவம்.

செம்பனை (சுங்கை சிப்புட்):

ஐயா, ரொம்ப நன்றி, அச்செடுத்து வைத்துக்கொண்டேன். சரி, இங்கிருந்து கேட்க ஒரு வழியும் இல்லையா? பெட்டியில் வரும் கரகரப்புக்கு என்ன செய்வது?

சிற்றலைப் பிரியன் (கோலக்கங்சார்):

இருக்கிறது. நெதர்லாந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழகத்தில் ஒரு வெப்எஸ்டிஆர், அதாவது இணையம் வழியாக யாரும் கேட்கக்கூடிய ரேடியோ, வைத்திருக்கிறார்கள். உலாவியில் திறந்து நீங்களே டியூன் செய்யலாம், காசு கிடையாது. 198 என்று அடித்து, ஏஎம் முறைக்கு மாற்றி, வடிகட்டியின் இரண்டு ஓரங்களையும் சுட்டியால் பிடித்து இழுத்து அகலப்படுத்துங்கள். குறுகலாக வைத்தால் டெலிபோன் குரல் மாதிரி கேட்கும், பக்கத்து அலைவரிசை சும்மா இருக்கும் நேரத்தில் முழுதாக விரித்தால்தான் ஐயா சொன்ன தரம் தெரியும். அங்கே இரவாக இருக்கும்போது தூர நிலையங்கள் நன்றாக வரும், அதாவது நமக்குப் பின்னிரவிலிருந்து முற்பகல் வரை.

தள்ளிப் போடாதீர்கள். ரஷ்யா 2014-இல் நெட்டலையை நிறுத்தியது. பிரான்சின் 162 கிலோஹெர்ட்ஸில் 2016 முடிவோடு நிகழ்ச்சி நின்றது, அயர்லாந்தின் 252 2023 ஏப்ரலில் போனது. ரேடியோ 4-உம் 2024-இல் நெட்டலைக்கென்று இருந்த தனி நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டது.

பீடோர் அக்கா:

நான் லெஸ்டரில் வேலை பார்த்த காலத்தில் சமையலறையில் நெட்டலைதான் ஓடும், கிரிக்கெட் டெஸ்ட் வர்ணனைக்காக. ஒரு விஷயம் சொல்லவா, நிலையம் என்னதான் சுத்தமாக அனுப்பினாலும் வீட்டுக்குள் நாம்தான் கெடுக்கிறோம். போன் சார்ஜர், எல்இடி விளக்கு, டிவி பெட்டியின் அடாப்டர் எல்லாம் உள்ளுக்குள் பல பத்து கிலோஹெர்ட்ஸில் துடிப்பவை, அதன் மடங்குகள் நேராக நெட்டலையில் வந்து விழும். பேட்டரி ரேடியோ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ப்ளக்காகக் கழற்றிப் பார்த்தால் எது என்று பிடிபடும். உள்ளே ஃபெரைட் ராட் (ஏரியலாக வேலை செய்யும் குச்சி) இருக்கும் ரேடியோ என்றால் பெட்டியையே மெல்லத் திருப்புங்கள், ராடின் முனை இரைச்சல் வரும் திசையைப் பார்க்கும்போது இரைச்சல் சட்டென்று அமுங்கும். செம்பனை தம்பியின் மத்திய அலைக்கும் இதே வைத்தியம்தான்.

கோபுரத்தடி (ஓய்வு):

அக்கா சொன்னது முழுக்கச் சரி. ஆனால் உடைந்த குரலுக்கு முதல் சந்தேகம் பழைய காகிதக் கண்டென்சர் மேல்தான். அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போகும் கண்டென்சர் கசிந்தால் வால்வு சூடேறி, ஒலி கரகரத்து, கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையே எரித்துவிடும். அதை மாற்றும் வரை பெட்டியைப் போடாதீர்கள். புதியது சில ரிங்கிட்தான். ரேடியோவுக்குள் டியூனிங்கைச் சரியாக வைத்திருக்கும் ஐஎஃப் காயிலின் திருகுகளை மட்டும் யாரையும் தொட விடாதீர்கள்.

பெட்டியின் முதுகில் கிராமபோன் படம் போட்ட இரண்டு ஓட்டை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வெப்எஸ்டிஆர் ஒலியை போனிலிருந்து அதில் கொடுத்து, அந்தப் பழைய ஸ்பீக்கரிலேயே 198-ஐக் கேட்கலாம், எதையும் பிடுங்க வேண்டியதில்லை. ஆனால் மெயின்ஸ் மின்சாரம் நேராகச் சேஸிஸுக்கு (உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்துக்கு) வரும் வகைப் பெட்டிகள் உண்டு, அதில் போனை மாட்டினால் ஆளையே அடித்துவிடும். முதலில் பின் அட்டையைக் கழற்றி, மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா என்று ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள் தம்பி. கழற்றும்போது ப்ளக் சுவரில் இருக்கக் கூடாது.