19-ஆம் நூற்றாண்டு உழவர் கழகங்களின் பண்ணைப் பார்வை: விளைச்சல் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி (ஏர்க்கால்):
1850-களின் இங்கிலாந்து உழவர் கழகக் குறிப்புகளை வைத்துக் கட்டுரை எழுதுகிறேன். உறுப்பினர் ஒருவரின் பண்ணையை எல்லோரும் சுற்றிப் பார்க்கிறார்கள். "டர்னிப் ஏக்கருக்கு 20 டன்" என்று பதிவாகிறது. அறுவடையே ஆகாத வயலில் இதை எப்படிச் சொன்னார்கள்? வடிகால்களைப் பற்றி ஏன் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்? குவானோ (கடற்பறவை எச்சம்) உரத்தின் கணக்கும் புரியவில்லை.

கரிசல்மண்:
வயலின் ஒரு சிறு துண்டைப் பிடுங்கி நிறுத்துப் பார்த்தால் போதும். ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. பாருக்குப் பார் (கிழங்கு நட்ட வரிசைக்கு வரிசை) 27 அங்குலம், அதாவது 2.25 அடி என்றால், ஒரே பாரில் 19 அடி 4 அங்குல நீளம் ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த நீளத்தில் உள்ள கிழங்குகளைப் பிடுங்கி, தழையையும் வேரையும் வெட்டிவிட்டு நிறுக்க வேண்டும். 45 பவுண்டு வந்தால் ஏக்கருக்கு 45,000 பவுண்டு. டன்னுக்கு 2,240 பவுண்டு வீதம் 20 டன்னுக்குச் சற்று மேல்.

பிழை புகும் இடங்களும் உண்டு. வண்டிப் பாதையை ஒட்டிய செழிப்பான பாரில் மட்டும் எடுத்தால் எண் கூடும். முளைக்காத இடைவெளிகளைத் தாண்டி அளந்தாலும் அப்படித்தான். ஈர மண் ஒட்டிய கிழங்கும் எடையை ஏற்றிவிடும். குறைந்தது நான்கைந்து இடங்களில், நடுவயலிலும் ஓரத்திலும் எடுத்த சராசரியா என்று குறிப்பில் தேடுங்கள். நிறுத்தது யார் என்பதும் முக்கியம். விருந்தளிக்கும் பண்ணைக்காரர் வாயால் சொன்ன எண்ணை நான் அளவாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

வடிகால்வாய்:
நிலத்தடி வடிகால் அந்தக் காலத்தின் பெரிய செலவு, பெரிய சண்டையும்கூட. ஸ்காட்லாந்தின் டீன்ஸ்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்மித் வயல் முழுக்க இணை வரிசையாக இரண்டரை அடி ஆழத்தில் கல் நிரப்பிய வடிகால் போடச் சொன்னார். பொறியாளர் ஜோசையா பார்க்ஸ் 4 அடி ஆழம் வேண்டும் என்றார். 1840-களில் சுட்ட மண் குழாயை இயந்திரத்தில் மலிவாகச் செய்ய முடிந்தது. 1846 சட்டப்படி அரசு கடன் கொடுத்தது. அசலும் வட்டியும் சேர்த்து ஆண்டுக்குக் கடனில் ஆறரை சதவீதம் வீதம் 22 ஆண்டுகளில் அடைத்துத் தீர்க்க வேண்டும். அவ்வளவு பணம் மண்ணுக்குள் போகிறதென்றால், வேலை செய்கிறதா என்று பார்க்காமல் வருவார்களா?

வரிசைக்கு வரிசை 24 அடி இடைவெளி என்றால் ஏக்கருக்கு 1,815 அடி; 18 அடி என்றால் 2,420 அடி. ஓர் அடிக் குழாய்களாக இருந்தால் அத்தனை குழாய்கள். மழைக்குப் பின் வடிகால் வந்து விழும் வாய்க்காலில் நின்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். தெளிந்த நீர் வந்தால் நல்லது. கலங்கி வந்தால் மூட்டுகளில் மண் புகுகிறது, நாளடைவில் வரிசை அடைத்துக்கொள்ளும். இரண்டு வரிசைகளுக்கு நடுவில் குழி தோண்டி நீர்மட்டம் பார்ப்பது இன்னும் உறுதியான சோதனை. ஒரு குழாய் இறங்கிப்போனாலும் அதற்கு மேல்பக்கம் முழுக்க நீர் தேங்கும். அருகில் வில்லோ மரம் இருந்தால் வேரே அடைத்துவிடும்.

எருக்குழி:
பெரு நாட்டுக் குவானோ ஏக்கருக்கு 2 முதல் 3 அந்தர் வரை. ஓர் அந்தர் 112 பவுண்டு. கட்டிகளை உடைத்துச் சலித்து, பல மடங்கு உலர்ந்த மண்ணோடு கலந்து தூவுவார்கள். விதையில் நேராகப் பட்டால் முளை கருகும். சுண்ணாம்போடோ விறகுச் சாம்பலோடோ கலந்தால் அம்மோனியா காற்றில் போய்விடும், போட்ட பணமும் சேர்ந்து போகும்.

விலை அதிகம் என்பதால் மணல், களிமண், சுண்ணக்கல் பொடி எல்லாம் கலந்து விற்றார்கள். சிறிதளவைச் சுட்டுப் பார்ப்பது எளிய சோதனை. நல்ல சரக்கின் சாம்பல் வெளுப்பாக இருக்கும், சிவந்திருந்தால் களிமண். சரக்கில் அமிலம் விட்டதும் நன்றாக நுரைத்துப் பொங்கினால் சுண்ணக்கல்.

உரம் போடாத ஒரு பட்டை பக்கத்தில் விட்டிருந்தார்களா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால், 20 டன்னில் எவ்வளவு குவானோவால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஏர்க்கால்:
மிக்க நன்றி. என் குறிப்பில் பார் இடைவெளி 30 அங்குலம். நீளம் எவ்வளவு எடுக்க வேண்டும்?

கரிசல்மண்:
ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கான 43.56 சதுர அடியை, அடியில் உள்ள இடைவெளியால் வகுங்கள். 2.5 அடிக்கு 17.4, அதாவது 17 அடி 5 அங்குலம். 27 அங்குலத்துக்கான நீளத்தையே இங்கும் அளந்துவிட்டு ஆயிரத்தால் பெருக்கினால் விளைச்சல் ஒன்பதில் ஒரு பங்கு கூடிவிடும்.