போர்பனும் ரையும் ஒரே மாதிரி தெரியுது: குளிர் காரணமா, என் நாக்கு காரணமா?

சிம்ஸ்பூங்கா:

வணக்கம். குன்னூர்ல இருக்கேன். கைவசம் நாலு அமெரிக்க விஸ்கி பாட்டில் இருக்கு. லேபிள்ல போட்டிருக்கிற ஆல்கஹால் அளவு: ஜிம் பீம் வெள்ளை லேபிள் 40 சதவீதம், மேக்கர்ஸ் மார்க் 45, வைல்ட் டர்க்கி 101-ல் 50.5, புல்லிட் ரை 45. பொங்கல் லீவுல ஆறு பேர் கூடுறோம். போர்பனையும் (மக்காச்சோள விஸ்கி) ரையையும் (ரைங்கிற தானியத்துல செய்யிற விஸ்கி) பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கணும்.

ரை காரசாரமா இருக்கும்னு எல்லாரும் எழுதுறாங்க. எனக்கு வைல்ட் டர்க்கிதான் மிளகு மாதிரி ஏறுது, புல்லிட் ரை மந்தமா இருக்கு. ஜிம் பீம்ல வாசனையே வரலை. சாயங்காலம் ஹால்ல 11 டிகிரி. சாதா டம்ளர்ல 30 மில்லி, ஐஸ் போடலை. எதை மாத்தணும்?

தொட்டபெட்டா2637:

நாக்கில் கோளாறு இல்லை. உங்கள் வரிசையில் தானியத்தை விட ஆல்கஹால் அளவு பெரிய வித்தியாசமாக நிற்கிறது. 40-க்கும் 50.5-க்கும் நடுவே ரையின் காரத்தைத் தேடினால், ஆல்கஹாலின் எரிச்சலைத்தான் மிளகு என்று நினைப்பீர்கள்.

முதலில் எதில் என்ன தானியம் என்று பாருங்கள். போர்பன் என்று லேபிள் போட, தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். ரை விஸ்கிக்குக் குறைந்தது 51 சதவீதம் ரை. மற்ற விதிகள் ஏறக்குறைய ஒன்றே: உட்புறம் கரித்த புது ஓக் மரப் பீப்பாய், ஆல்கஹால் 80 சதவீதத்துக்கு மேல் போகாமல் வடிப்பது, பீப்பாயில் ஊற்றும்போது 62.5-ஐத் தாண்டாமல் இருப்பது. அதனால் வனிலா, காய்ச்சிய சர்க்கரை, தேங்காய் வாசனை எல்லாம் மரம் கொடுப்பது; இரண்டிலும் வரும். கிராம்பு வாசனை வந்தவுடன் "இதுதான் ரை" என்று துள்ளாதீர்கள், அதுவும் ஓக்கிலிருந்து வரலாம்.

உங்கள் பாட்டில்களில் மேக்கர்ஸ் மார்க்கில் ரையே கிடையாது. 70 மக்காச்சோளம், 16 கோதுமை, 14 முளைகட்டிய பார்லி. புல்லிட் ரை நேர் எதிர்: 95 ரை, 5 முளைகட்டிய பார்லி. இண்டியானா மாநிலத்து லாரன்ஸ்பர்க்கில் வடிக்கிற வகை. ஜிம் பீம், வைல்ட் டர்க்கி இரண்டிலும் ரை 13 சதவீதம் அளவில்தான். அதாவது அந்த இரண்டுக்கும் நடுவே நீங்கள் உணர்வது பெரும்பாலும் ஆல்கஹால், பீப்பாயில் இருந்த காலம், ஈஸ்ட் இவற்றின் வேலை.

ஆகவே முதல் சுற்றில் மேக்கர்ஸ், புல்லிட் ரை இரண்டு மட்டும் போதும். இரண்டும் 45, தண்ணீர் கலக்கிற வேலையே இல்லை, தானிய வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அதன் பிறகு மற்ற இரண்டையும் நுழையுங்கள்.

எல்லாவற்றையும் 40-க்கு இறக்க: ஊற்றிய மில்லியை லேபிள் எண்ணால் பெருக்கி 40-ஆல் வகுத்து, அதிலிருந்து ஊற்றிய மில்லியைக் கழியுங்கள். 15 மில்லிக்கு, 45-ல் இருப்பதில் 1.9 மில்லி தண்ணீர், 50.5-ல் 3.9 மில்லி. மருந்துக்கடையில் 5 மில்லி சிரிஞ்சு வாங்கி, ஊசியைக் கழற்றிவிட்டு அளந்து விடுங்கள். ஸ்பூன் கணக்கு இதற்கு உதவாது. ஒரே பிராண்டு வேறு நாட்டுக்கு வேறு அளவில் வரும், இணையத்தில் படித்த எண்ணை நம்பாமல் கையிலிருக்கிற லேபிளைப் பாருங்கள்.

இனி குளிர். 20 டிகிரியில் ஆல்கஹாலின் ஆவி அழுத்தம் சுமார் 5.9 கிலோபாஸ்கல், 10 டிகிரியில் கிட்டத்தட்ட பாதி. மற்ற வாசனைப் பொருள்களும் அதே போலத்தான் அடங்கிப்போகும். ஜிம் பீம் ஊமையாக இருப்பதற்கு இதுவே காரணம். மலை உயரத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். ஆவி அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது. பாட்டிலை மூடியோடு வெதுவெதுப்பான தண்ணீரில், கையை விட்டால் சூடு தெரியாத அளவு, 20 நிமிடம் நிறுத்துங்கள். கிளாஸில் 18 முதல் 20 டிகிரி இருந்தால் சரி. 25-ஐத் தாண்டினால் ஆல்கஹால் முதலில் எழுந்து மூக்கை அடிக்கும். கணப்புப் பக்கத்தில் வைத்துச் சூடேற்ற வேண்டாம். சீகை விறகுப் புகை ஒரு பக்கம், நெருப்பருகே திறந்த ஸ்பிரிட் ஆபத்து இன்னொரு பக்கம்.

தேயிலைக்கோப்பை:

மேலே சொன்னதோட இதையும் சேர்த்துக்குங்க. நம்ம ஊர் டீ டேஸ்டிங்ல இலை எடை, தண்ணி அளவு, ஊறுற நிமிஷம் எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டுத்தானே கோப்பைல உதடு வைப்பாங்க, இங்கேயும் அதே ஒழுங்கு வேணும். ஆனா டீயை உறிஞ்சுற மாதிரி சத்தமா இழுக்காதீங்க. 40 சதவீத ஆல்கஹால் ஆவி தொண்டைல ஏறி இருமல் வரும், அப்புறம் பத்து நிமிஷத்துக்கு மூக்கு வேலை செய்யாது.

டம்ளர் வேண்டாம். வாய் குறுகி வயிறு அகண்ட சின்ன ஒயின் கிளாஸ் போதும், ஆனா எல்லாருக்கும் ஒரே அளவு. அலமாரில இருந்து எடுத்த கிளாஸை முதல்ல வெறுமனே முகர்ந்து பாருங்க. இங்கே ஈரப்பதத்துக்குப் பயந்து எல்லார் வீட்லயும் அந்துருண்டை போட்டிருப்போம், அந்த வாசனை கண்ணாடியைப் பிடிச்சுக்கும். சோப்பு போடாம வெந்நீர்ல அலசி, கவிழ்க்காம காய விடுங்க. ஊத்தினதும் மேல ஒரு சாசர் மூடி அஞ்சு நிமிஷம் விட்டா வாசனை சேரும்.

நீலகிரித் தைலம்தான் பெரிய வில்லன். ரைல, அதுவும் 95 சதவீத ரைல, புதினாவும் யூகலிப்டஸ் சாயலும் இயல்பா வரும். ஜலதோஷத்துக்கு ஒருத்தர் தைலம் தடவிட்டு வந்து உட்கார்ந்தா, மேசைல இருக்கிற நாலு கிளாஸும் ரைதான். இருமல் மிட்டாயும் கூடாது.

வாசனை பிடிபடலைன்னா சமையலறைல இருந்து மூடி போட்ட கிண்ணங்கள்ல கொஞ்சம் கொஞ்சமா எடுத்து வைங்க: நுணுக்கின மிளகு, சதகுப்பை, சீமைச்சோம்பு, கசக்கின புதினா ஒரு பக்கம்; வெல்லப்பாகு, துருவின கொப்பரை, வனிலா இன்னொரு பக்கம். முதல் வரிசை தானியம் பேசுறது, ரெண்டாவது மரம் பேசுறது. புல்லிட் ரைல சதகுப்பை வாசனையைப் பிடிச்சுட்டா அப்புறம் மறக்காது. மேக்கர்ஸை முகர்ந்துட்டு உடனே அதை முகருங்க.

வாய்ல ரெண்டு மூணு மில்லி, நாக்கு முழுக்கப் படற மாதிரி ஏழெட்டு விநாடி. முதல் வாயை வெச்சு முடிவு சொல்லாதீங்க, அது வாயைப் பழக்க மட்டும். துப்ப ஒரு மக் வைங்க. இடையில வெறும் பிரெட், தண்ணி. வர்க்கி வேண்டாம், அதுல இருக்கிற கொழுப்பு நாக்குல படிஞ்சு அடுத்த கிளாஸ் மழுங்கிடும். தண்ணி குழாய்ல வர்றதுன்னா கொதிக்க வெச்சு, ஆறி, குளோரின் வாடை போனதுக்கு அப்புறம்தான்.

கோடைமலை:

40-க்கு இறக்குறது ஒரு பாடத்துக்குச் சரி, ஆனா அதோட நிறுத்தினா வைல்ட் டர்க்கிக்கு அநியாயம். அது 101 ப்ரூஃப்ல, அதாவது 50.5-ல், குடிக்கத்தான் கட்டமைச்சது. பீப்பாயை ஆழமா, நாலாம் நிலை வரைக்கும் கரிக்கிறாங்க. 40-ல அது கொஞ்சம் தட்டையாத்தான் இருக்கும். முதல் சுற்று சமப்படுத்தி, ரெண்டாவது சுற்று பாட்டில்ல இருக்கிறபடி. ரெண்டாவதுல வரிசை முக்கியம்: ஜிம் பீம், மேக்கர்ஸ், புல்லிட் ரை, கடைசியா வைல்ட் டர்க்கி. 50.5-ஐ முன்னாடி வெச்சா பின்னாடி வர்றதெல்லாம் தண்ணி மாதிரி தெரியும்.

ஆறு பேர் இருக்கீங்கல்ல, லேபிள் மறைச்சுச் சோதிக்க நல்ல எண்ணிக்கை. ஒவ்வொருத்தருக்கும் மூணு கிளாஸ், கிளாஸுக்கு 10 மில்லி. ரெண்டு கிளாஸ்ல ஒரே விஸ்கி, மூணாவதுல வேற. 'அ' மேக்கர்ஸ், 'ஆ' புல்லிட் ரைன்னா: அ அ ஆ, அ ஆ அ, ஆ அ அ, ஆ ஆ அ, ஆ அ ஆ, அ ஆ ஆ. ஆறு வரிசை, ஆறு பேர். ஒத்தை கிளாஸ் எதுன்னு மட்டும் கேளுங்க. எது பிடிச்சதுன்னு கேட்டா வாதம் கிளம்பிடும். குருட்டாம்போக்குல சரியாச் சொல்ல மூணுல ஒரு வாய்ப்பு. ஆறு பேர்ல அஞ்சு பேராவது அப்படிச் சரியா அடிக்கிறதுக்கு ஐம்பதுல ஒண்ணுக்கும் குறைவு, அதனால அஞ்சு பேர் சரியாச் சொன்னா வித்தியாசம் நிஜம். நாலு பேர்னா சந்தேகம்தான், பத்துல ஒரு தடவை தற்செயலாவே அப்படி வரும். ஊத்துறவர் சோதனைல உட்காரக் கூடாது, ஏழாவது ஆள் வேணும்.

எல்லா ரையும் புல்லிட் மாதிரி இருக்கும்னு நினைச்சுடாதீங்க. ரிட்டன்ஹவுஸ் மாதிரி கென்டக்கி ரைல 51 சதவீதம்தான் ரை, மீதில மக்காச்சோளம் கணிசம். அந்தப் பக்கம் ஓல்ட் கிராண்ட்-டாட் போர்பன்ல ரை 27. அந்த ரெண்டையும் மூடி வெச்சா பழகின ஆளே தடுமாறுவார்.

சிம்ஸ்பூங்கா:

ரொம்ப நன்றி. தண்ணி சேர்த்துப் பார்த்தேன், வைல்ட் டர்க்கி தெளிவா இருக்கு. நண்பர் கொண்டுவந்த வேற ஒரு போர்பன், 'சில் ஃபில்டர் செய்யாதது'ன்னு போட்டிருக்கு, அது லேசா மங்கலாயிடுச்சு. கலப்படமா? மீதி பாட்டிலை எப்படி வைக்கிறது?

தொட்டபெட்டா2637:

கலப்படம் இல்லை. கொழுப்பு அமிலங்களும் அவற்றின் எஸ்டர்களும் ஆல்கஹாலில் கரையும், தண்ணீரில் கரையாது. ஆல்கஹால் அளவு 46 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, குளிரும் சேர்ந்தால் அவை பிரிந்து மங்கல் கொடுக்கும். சில் ஃபில்டர் செய்யாததில், அதாவது குளிர்விக்காமல் வடிகட்டியதில், அவை பாட்டிலிலேயே தங்கியிருக்கும், அதனால் நம் ஊர் குளிரில் சீக்கிரம் தெரியும். 20 டிகிரிக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் தெளியும். தெளியாமல் அடியில் துகள் நின்றால் அது கார்க் துணுக்கா என்று பாருங்கள்.

வைப்பது நிமிர்த்தித்தான், படுக்கவைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரிக்கும். வெயில் படாத அலமாரி, அந்துருண்டை இல்லாத தட்டு. பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போய்விட்டால் சின்ன பாட்டிலுக்கு மாற்றி, கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். காற்றுப் பட்டால் முதலில் போவது ரையின் அந்தப் புதினா வாசனை.