கொழும்பில் இனி டிஷ் எதற்கு?

தெஹிவளை ஃபைபர்:
ஃபைபர் இணையம் வந்த வீட்டில் டிஷ்ஷுக்கும் மாதாமாதம் காசு கட்டுவது வீண். எச்டி படத்துக்கு செக்கனுக்கு 5 மெகாபிட் போதும். செய்தியும் நாடகமும் யூடியூபில் கிடக்கின்றன. ஐப்பசி மழைக்கு படம் நின்றுபோகிற ஒன்றை ஏன் இன்னும் கூரையில் வைத்திருக்கிறீர்கள்?

மேல்மாடி:
5 மெகாபிட் என்றால் மணிக்கு 2.25 ஜிபி. பெரியவர்கள் இருக்கிற வீட்டில் டிவி நாளுக்கு 6 மணித்தியாலம் ஓடும். மாதம் 405 ஜிபி. அளவு வைத்த பெக்கேஜ் அதைத் தாங்காது. டிஷ்ஷில் எத்தனை வீடு பார்த்தாலும் வருவது ஒரே அலைதான், நெரிசல் இல்லை. கிரிக்கெட்டில் ஸ்ட்ரீம் அரை நிமிடம்கூடப் பிந்தும். விக்கெட் விழுந்தது பக்கத்து வீட்டுச் சத்தத்தில்தான் தெரியும்.

எல்என்பி:
மழைக் கதை பாதிதான் சரி. டிஷ் டிவி வருகிற கேயூ பேண்ட் என்ற அலைவரிசை 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரை. கொட்டுகிற மழையில் சிக்னல் விழத்தான் செய்யும், மழை குறைந்ததும் தானாக வந்துவிடும். தூறலுக்கே போனால் பழுது உங்கள் கூரையில். ஒன்று, டிஷ் சற்று விலகியிருக்கும். அல்லது கேபிள் முனையிலுள்ள கனெக்டர் பழுதாகியிருக்கும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் உப்புக்காற்று அதைத்தான் முதலில் அரிக்கும். எல்என்பியில், அதாவது டிஷ்ஷின் முன்னே நிற்கும் சிக்னல் வாங்கும் தலையில், கேபிளைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி பச்சை பூத்திருந்தால் நல்ல செம்பு தெரியும்வரை கேபிளை வெட்டி, ஆர்ஜி-6 என்ற டிஷ் கேபிள் அளவுக்கான புது எஃப் கனெக்டரை அழுத்திப் பூட்டி, ரப்பர் டேப் சுற்றுங்கள். எல்என்பிக்குக் கீழே கேபிளில் ஒரு வளைவு விட வேண்டும், நீர் அங்கேயே சொட்டிவிடும்.

பாதி சனல்கள் மட்டும் காணாமல் போனாலும் எல்என்பியை மாற்ற ஓடாதீர்கள். ரிசீவர் 13 வோல்ட் கொடுத்தால் செங்குத்து அலை, 18 கொடுத்தால் கிடை அலை. அரித்த கேபிளில் 18 இறங்கிப்போனால் எல்என்பி அதை 13 என்றே எடுத்துக்கொள்ளும். கிடை அலையில் வரும் சனல்கள் எல்லாம் போய்விடும்.

தெஹிவளை ஃபைபர்:
இத்தனை பராமரிப்பு ஃபைபருக்கு இல்லையே. தொடர்மாடியில் பாதிப்பேருக்கு டிஷ் வைக்க இடமும் இல்லை.

எல்என்பி:
இடத்தைக் கோணம்தான் தீர்மானிக்கும். டயலொக் டிவி 45 பாகை கிழக்குச் செய்மதி. இங்கிருந்து பார்த்தால் அது மேற்கே, கடல் பக்கம், சுமார் 49 பாகை உயரத்தில். இந்தியாவின் டிடி ஃப்ரீ டிஷ் 93.5 பாகையில், கிழக்கும் தென்கிழக்குமான திசையில், 72 பாகை உயரத்தில். மேல்வீட்டுப் பல்கனித் தளம் டிஷ்ஷுக்கு 6 அடி மேலே என்றால், முதலாவதற்கு டிஷ் தளவிளிம்பிலிருந்து 5 அடி உள்ளே நிற்கலாம். இரண்டாவதற்கு 2 அடி தாண்டினாலே தளம் மறைக்கும். கடலுக்கு முதுகு காட்டும் பல்கனியில் முதலாவது கிடைக்கவே கிடைக்காது. அந்த வீட்டுக்காரருக்கு ஃபைபர்தான் நல்லது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

மேல்மாடி:
மின்வெட்டையும் கணக்கில் எடுங்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம். கோபுர பெட்டரி இறங்கியதும் மொபைல் இணையமும் போகும். டிஷ்ஷுக்கு ரிசீவருக்கும் டிவிக்கும் மட்டும் மின்சாரம் இருந்தால் போதும்.

தெஹிவளை ஃபைபர்:
ரவுட்டருக்கு 12 வோல்ட் சிறு யுபிஎஸ் போட்டால் அதுவும் ஓடும். சக்தி, வசந்தம், நேத்ரா மட்டும் போதுமென்பவருக்கு கூரையில் மீன்முள் போல நிற்கும் யாகி அன்டெனாவே இலவசமாகத் தருகிறது. 2014 இல் இலங்கை தெரிவுசெய்த ஐஎஸ்டிபி-டி என்ற, அன்டெனாவில் பிடிக்கும் டிஜிட்டல் ஒளிபரப்பு வீடுகளுக்கு ஒழுங்காக வந்திருந்தால், கட்டண டிஷ்ஷின் தேவை இன்னும் சுருங்கியிருக்கும்.

மேல்மாடி:
வந்தால் நானும் வரவேற்பேன். இப்போதைக்கு, வெட்ட நினைப்பவர் முதலில் டிஷ்ஷை ஒரு மாதம் ரீலோட் பண்ணாமல் விட்டு, ஃபைபர் கணக்கில் டேட்டா எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கட்டும். கழற்றினாலும் எல்என்பியையும் கேபிளையும் எறிய வேண்டாம்.