உதவி தேவை: கணவரின் எல்.டி.டி. (நீண்டகால இயலாமைக் காப்புறுதி) பணத்தை நிறுத்திவிட்டார்கள், லோயரிடம் போக வேண்டுமா?

மல்லிகைப்பந்தல்
எல்லோருக்கும் வணக்கம். என் கணவருக்கு முதுகில் டிஸ்க் பிரச்சினை, வேலைக்குப் போக முடியாது. வேலையிடத்து இன்சூரன்ஸில் எல்.டி.டி. வந்துகொண்டிருந்தது, பிறகு நிறுத்திவிட்டார்கள். அப்பீல் போட்டோம். அதையும் மறுத்து நேற்றுக் கடிதம் வந்திருக்கிறது. இன்னொரு அப்பீல் போடலாம், 60 நாள் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். போடவா, லோயரிடம் போகவா? லோயருக்குக் கொடுக்கக் கையில் காசில்லை. மோர்ட்கேஜ் என் ஒருத்தியின் சம்பளத்தில்தான் ஓடுகிறது. தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லுங்கோ.

தண்டவாளம்
கனடாவில் எந்த மாகாணம்? யூனியன் உள்ள வேலையா? முதன்முதல் நிறுத்திய கடிதத்தில் என்ன திகதி? இந்த மூன்றும் தெரியாமல் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது.

வன்னிமகன்
அப்பீலே வேண்டாம் தங்கச்சி. மறுத்த நிறுவனத்திடமே திரும்பவும் போய்க் கேட்பதுதான் அப்பீல். என் மச்சானை இப்படியே ஒன்றரை வருடம் இழுத்தடித்தார்கள். வழக்குப் போட்ட பிறகுதான் பேச வந்தார்கள். நேரே லோயரிடம் போங்கோ.

பெரியகணக்கு
மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். ஒருவராவது பாலிசிப் புத்தகத்தைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. பெரும்பாலான குழுக் காப்புறுதியில் முதல் 24 மாதம் ‘உங்கள் சொந்த வேலையைச் செய்ய முடியுமா’ என்றுதான் பார்ப்பார்கள். அதன் பிறகு கேள்வி மாறும்: படிப்பு, பயிற்சி, அனுபவத்துக்குப் பொருந்தும் எந்த வேலையையாவது செய்ய முடியுமா? 24ஆவது மாதத்தில் நிறுத்தினார்கள் என்றால் காரணம் இதுதான். இதுகூடத் தெரியாமல் அப்பீலில் என்னத்தை எழுதினீர்கள்? வரி எப்படிக் கட்டுகிறீர்கள் என்றும் சொல்லவில்லை. பிரீமியத்தில் முதலாளியின் பங்கு இருந்தால் அந்தப் பணத்துக்கு வருமான வரி உண்டு. முழுவதையும் தொழிலாளியே கட்டியிருந்தால் இல்லை.

துளசிச்செடி
பெரியகணக்கு அண்ணை, அவ பதற்றத்தில் எழுதியிருக்கிறா. வரியைப் பிறகு பார்ப்போம்.

அக்கா, நான் மருத்துவத் தாதி. இப்படி மறுத்த எத்தனையோ கோப்பு பார்த்திருக்கிறேன். குடும்ப வைத்தியர் ஃபோர்மில் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கோ. ‘முதுகுவலி, வேலை செய்ய இயலாது’ என்று ஒரு வரி மட்டும் இருந்தால் அது காணாது. எத்தனை நிமிடம் இருக்கலாம், எத்தனை நிமிடம் நிற்கலாம், எவ்வளவு பாரம் தூக்கலாம், மாத்திரை போட்டால் எவ்வளவு நேரம் தூக்கக் கலக்கம், ஒரு நாள் வேலை செய்தால் மறுநாள் எழும்ப முடியுமா, இவை எல்லாம் வேண்டும். அவர்கள் வருத்தத்தின் பெயரைப் பார்ப்பதில்லை, ஆளால் என்ன செய்ய முடியும் என்றுதான் பார்க்கிறார்கள்.

மல்லிகைப்பந்தல்
நன்றி எல்லோருக்கும். ஒன்ராறியோதான், ஸ்காபுரோ. வெயர்ஹவுஸில் போர்க்லிஃப்ட் ஓட்டியவர். யூனியன் இருக்கிறது. துளசி சொன்ன மாதிரித்தான், வைத்தியர் இரண்டு வரிதான் எழுதியிருக்கிறார். இரண்டு வருடம் பணம் வந்து பிறகுதான் நிறுத்தினார்கள். கடிதத்தில் அவர் மூன்று வேலை செய்யலாம் என்று போட்டிருக்கிறார்கள். முதலாவது ‘வாடிக்கையாளர் சேவை, தொலைபேசி’. இவர் யாழ்ப்பாணத்தில் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். ஃபமிலி டொக்டரிடம் போனாலும் நான்தான் இங்கிலீசில் கதைக்கிறேன். இருபது நிமிடம் கதிரையில் இருந்தால் எழும்பி நிலத்தில் படுத்துவிடுவார்.

துளசிச்செடி
இதைத்தான் எழுத வேண்டும்! அந்த மூன்று வேலையையும் எடுத்து, ஒவ்வொன்றும் ஏன் பொருந்தாது என்று. இங்கிலீஷ், படிப்பு, கணினி பழகாதது, இருக்க முடியாதது. சில பாலிசியில் அந்த ‘எந்த வேலையும்’ பழைய சம்பளத்தில் இத்தனை வீதம் தர வேண்டும் என்றும் இருக்கும். அதையும் பாருங்கோ.

தண்டவாளம்
யூனியன் இருக்கிறது என்றால் லோயருக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கூட்டு ஒப்பந்தத்தில் எல்.டி.டி. பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஸ்டுவர்டிடம் (வேலையிடத்து யூனியன் பிரதிநிதி) கேளுங்கள். பாலிசியையே ஒப்பந்தத்தின் பகுதியாகச் சேர்த்திருந்தால், கோர்ட்டுக்குப் போக முடியாது. யூனியன் மூலம் கிரீவன்ஸ் (முறைப்பாடு) போட்டு ஆர்பிட்ரேஷனுக்குத்தான் (நடுவர் விசாரணை) போக வேண்டும், அதற்குக் கெடு மிகக் குறைவு, பல ஒப்பந்தங்களில் சில வாரம்தான். ‘முதலாளி பிரீமியம் கட்டுவார்’ என்பதோடு ஒப்பந்தம் நின்றுவிட்டால், காப்புறுதி நிறுவனத்தின் மேல் நேரடியாக வழக்குப் போடலாம். தவறான வாசலில் நின்று ஒரு வருடத்தைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

முதல் கடிதத்தின் திகதி இன்னும் சொல்லவில்லை.

வன்னிமகன்
யூனியன்காரர் ஒன்றும் செய்ய மாட்டார்கள். என் அனுபவத்தில் சொல்கிறேன்.

தண்டவாளம்
செய்வார்களா மாட்டார்களா என்பதல்ல நான் சொல்வது. எந்த வாசல் என்று தெரிய வேண்டும்.

கடலோரம்
இன்னொரு விஷயம். முகநூலில் கோயில் திருவிழா, சாமத்திய வீட்டுப் படங்கள் இருந்தால் இன்றைக்கே அழித்துவிடுங்கள். அவர்கள் ஆள் வைத்துப் பார்ப்பார்கள்.

தண்டவாளம்
அழிக்கவே கூடாது! வழக்கு வரப்போகிறது என்று தெரிந்த பிறகு அழித்தால், சாட்சியத்தை ஒளித்தார் என்று அதையே அவருக்கு எதிராகப் பிடிப்பார்கள். புதிதாக ஒன்றும் போடாமல் இருக்கட்டும். பழையது அப்படியே கிடக்கட்டும்.

கடலோரம்
தனிப்பட்ட கணக்கு. பூட்டி வைத்தால் யார் பார்ப்பார்கள்?

தண்டவாளம்
பூட்டிய கணக்கையும் கோர்ட் கேட்கலாம். 2009இல் ஒன்ராறியோவில் ஒரு கார் விபத்து வழக்கில் இந்தக் கேள்வி வந்து, பூட்டிய முகநூல் பக்கமும் ஆவணம்தான் என்று நீதிபதி சொல்லியிருக்கிறார்.

துளசிச்செடி
படத்துக்கு இவ்வளவு பயப்படத் தேவையில்லை. ஃபிட்லர் வழக்கைப் பாருங்கோ. வங்கியில் வரவேற்பாளராக இருந்த பெண், நாள்பட்ட களைப்பு நோய். அவ கடைக்குப் போவதையும் காரில் ஏறுவதையும் வீடியோ எடுத்துப் பணத்தை நிறுத்தினார்கள். அவவால் வேலை செய்ய முடியும் என்று சொல்லும் மருத்துவ சாட்சியம் அவர்களிடம் இருக்கவில்லை. 2006இல் கனடா உச்ச நீதிமன்றம் மன உளைச்சலுக்கென்று 20,000 டொலர் கொடுத்ததை உறுதிசெய்தது. ஒரு நல்ல நாளில் கோயிலுக்குப் போனவர் எட்டு மணி நேர வேலை செய்யலாம் என்று ஆகிவிடாது.

பெரியகணக்கு
20,000 டொலருக்கு எத்தனை வருடம் அலைந்தார் என்பதையும் சொல்லுங்கள். லோயர் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போவார். ஒழுங்காக எழுதத் தெரிந்தவர் அப்பீலைத் தானே செய்யலாம். நான் செய்தேன்.

வன்னிமகன்
நீங்கள் இங்கிலீசில் எழுதத் தெரிந்தவர் அண்ணை. எல்லாரும் அப்படி இல்லை. இப்போது வருவது பூச்சியம். பூச்சியத்தில் மூன்றில் ஒன்று எவ்வளவு?

பெரியகணக்கு
கணக்கு எனக்குச் சொல்லித் தரவேண்டாம்.

தண்டவாளம்
இதை விட்டுவிட்டுக் கேட்டவருக்குப் பதில் சொல்வோம். இந்த மாதிரி வழக்கைப் பல லோயர்மார் வென்றால்தான் கட்டணம் என்று எடுப்பார்கள், முன்பணம் இல்லை. கையெழுத்து வைக்குமுன் மூன்றைக் கேளுங்கள்: எத்தனை வீதம், தோற்றால் வைத்திய அறிக்கைச் செலவு யார் தலையில், பின்னால் வரும் மாதப் பணத்திலும் பங்கு எடுப்பார்களா. ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவையில் பதிந்தால் ஒரு லோயரோடு 30 நிமிடம் வரை இலவசமாகக் கதைக்கலாம். தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். சமூக சட்ட உதவி நிலையங்கள் ஓ.டி.எஸ்.பி. (ஒன்ராறியோ அரசின் இயலாமை உதவி), சி.பி.பி. (கனடா ஓய்வூதியத் திட்டம்) இயலாமைக் கொடுப்பனவு போன்றவற்றுக்குத்தான் பெரும்பாலும் உதவும், தனியார் காப்புறுதி வழக்கை எடுப்பது அரிது.

திகதி?

மல்லிகைப்பந்தல்
மன்னிக்கவும், ஷிஃப்டில் இருந்தேன். முதல் கடிதம் 2024 மே 14. சி.பி.பி.க்கும் போட்டிருந்தோம், அதுவும் மறுத்துப் போன மாதம் கடிதம் வந்தது.

தண்டவாளம்
அக்கா, இது மார்ச் 2026. ஒன்ராறியோவில் வழக்குப் போடப் பொதுவாக இரண்டு வருடம். நிறுவனத்துக்குள்ளே அப்பீல் போடுவதால் அந்தக் கெடு நிற்கும் என்று நம்ப முடியாது. முதல் கடிதத்திலிருந்தே எண்ண வேண்டும் என்று அவர்கள் வாதாடுவார்கள், அப்படிப் பார்த்தால் மே 14க்கு இரண்டு மாதமும் இல்லை. அவர்கள் தந்த 60 நாளில் நீங்கள் அப்பீல் எழுதி, அவர்கள் ஆறுதலாகப் பதில் போடும்போது கெடு முடிந்திருக்கும். இந்த வாரமே ஸ்டுவர்டிடம் கேளுங்கள், இந்த வாரமே லோயரிடம் போங்கள். எல்லாக் கடிதத்தையும் உறையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

துளசிச்செடி
சி.பி.பி.யையும் விடவேண்டாம் அக்கா. கடிதம் கிடைத்து 90 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், அதற்கு லோயர் தேவையில்லை. கிடைத்தால் எல்.டி.டி.யிலிருந்து அந்தத் தொகையைக் கழிப்பார்கள்தான், ஆனால் அரசாங்கமே இயலாதவர் என்று ஒத்துக்கொண்டது வழக்கில் உதவும். வைத்தியரிடம் இரட்டை நேர அப்பொயின்ட்மென்ட் எடுங்கோ. ஒரு நாள் எப்படிப் போகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கோ, அவருக்கும் எழுத வசதியாக இருக்கும்.

கடலோரம்
குறைகேள் சேவை ஒன்றும் இருக்கிறதே, காப்புறுதிக்கு? இலவசம்.

தண்டவாளம்
இருக்கிறது, இலவசம்தான். ஆனால் அவர்கள் சொல்வது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. இவருக்கு இப்போது அதற்கு நேரமில்லை.

பெரியகணக்கு
முழுக் கோப்பையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவர்களுடைய வைத்தியர் என்ன எழுதினார், அந்த மூன்று வேலையை எப்படிப் பொறுக்கினார்கள் என்று அதில் இருக்கும். பாலிசிப் பிரதியையும் சேர்த்துக் கேளுங்கள்.

மல்லிகைப்பந்தல்
ஸ்டுவர்ட் ஒப்பந்தம் காட்டினார். பிரீமியம் கட்டுவது மட்டும்தான் எழுதியிருக்கிறது, பாலிசி சேரவில்லையாம். லோயர் எடுத்திருக்கிறார், முன்பணம் கேட்கவில்லை. ஏப்ரலுக்குள் கோர்ட்டில் பதிகிறேன் என்றார். டொக்டர் புது அறிக்கை எழுதுகிறார். எல்லோருக்கும் நன்றி, பிறகு வருகிறேன்.

தண்டவாளம்
நல்லது அக்கா. ஸ்டுவர்ட் சொன்னதை வாயால் மட்டும் விடாமல் ஒரு மின்னஞ்சலாக வாங்கி லோயரிடம் கொடுத்தீர்களா?

நெய்தல்
எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் மன அழுத்தம் காரணமாக. என்ன செய்யலாம்?

தண்டவாளம்
எந்த மாகாணம்? யூனியன் உண்டா? முதல் கடிதம் எப்போது?