'லே சிஸ்' உண்மையிலேயே ஒரு குழுவா?

மாலைப்பியானோ:
ஓரிக், த்யூரே, ஒனெகெர், மியோ, புலாங்க், தாய்ஃபெர். இந்த ஆறு இசையமைப்பாளர்களுக்கும் 'லே சிஸ்' (பிரெஞ்சில் 'அறுவர்') என்று பெயர் வைத்தது ஆன்றி கொலே என்ற விமர்சகர், 1920 ஜனவரியில், ஒரு பாரிஸ் நாளிதழில். ரஷ்யாவில் 'ஐவர்' என்று ஒரு இசையமைப்பாளர் குழு இருந்ததே, பிரான்சுக்கு அறுவர் இருக்கட்டும் என்று ஒரு ஆசை. அடுத்த ஆண்டே 'ஈஃபில் கோபுரத்து மணமக்கள்' பாலேயிலிருந்து த்யூரே விலகிவிட்டார், மற்ற ஐவர்தான் இசையமைத்தார்கள். இதைக் குழு என்று எப்படிச் சொல்வது?

ஆறாம்தந்தி:
பெயர் வைத்தது பத்திரிகைக்காரர், சரி. பழக்கம் அதற்கு முன்பே இருந்ததே! முதல் உலகப் போர்க்காலத்திலேயே பாரிஸின் மோன்பர்னாஸ் பகுதியில் ஒரு ஓவியரின் பட்டறையில் இவர்களின் இசை ஒரே மேடையில் ஒலித்தது. மூத்த இசையமைப்பாளர் சாத்தி இவர்களில் சிலரைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டார். சனிக்கிழமை இரவானால் மியோ வீட்டில் கூடுவார்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் பாரமும் வேண்டாம், பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுஸ்ஸியின் பனிமூட்டமும் வேண்டாம், தெளிவாக, சுருக்கமாக எழுதுவோம் என்ற எண்ணம் அங்கேதான் வளர்ந்தது.

மாலைப்பியானோ:
ஒனெகெருமா? சந்தைக் கூத்தையும் மியூசிக் ஹாலையும் தான் கும்பிடுவதில்லை என்று 1920-லேயே எழுதியவர் அவர். அவருக்குப் பழைய ஜெர்மன் மேதை பாக்தான் எல்லாம். 'பசிபிக் 231' (1923) கேளுங்கள், ஒரு ரயில் எஞ்சினின் முழு எடையும் ஆர்க்கெஸ்ட்ராவில் இறங்கும். உடனே புலாங்கின் 'லே பீஷ்' பாலே இசையைப் (1924) போடுங்கள். இரண்டுக்கும் என்ன உறவு? மியோவே பிற்பாடு சொன்னார், அந்த ஆறு பெயர்களையும் கொலே தன் இஷ்டத்துக்குப் பொறுக்கினார் என்று.

வெயில்நதி:
தாய்ஃபெரைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. இசை படிக்கக் கூடாது என்று அப்பா தடுத்ததால் குடும்பப் பெயரையே மாற்றிக்கொண்டவர். 1983-ல் இறக்கும்வரை எழுதினார். அந்த ஆறில் ஒருவராக இல்லாதிருந்தால் இன்று நாம் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருப்போமா என்பதே எனக்குச் சந்தேகம். பெயர் தற்செயலாக வந்திருக்கலாம். அதனால் ஒருவருக்குக் கிடைத்த இடம் பொய்யாகிவிடாது.

ஆறாம்தந்தி:
ஒன்று கேட்கிறேன். 1920-ல் ஆறு பேரும் சேர்ந்து வெளியிட்ட பியானோ ஆல்பத்தைத் திறந்து பாருங்கள். ஓரிக் பிரெலூட், புலாங்க் வால்ட்ஸ், மியோ மஸூர்க்கா, தாய்ஃபெர் பாஸ்டரால். எல்லாம் பழைய வடிவங்கள், சின்னச் சின்னதாக. நீங்கள் தனியாக நிறுத்தும் ஒனெகெர் எழுதியது என்ன? சரபாந்து, அதுவும் ஒரு பழைய நடன வடிவம்தான்!

மாலைப்பியானோ:
சரபாந்தை மறந்துவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். 1920-ல் ஒரு குழு இருந்தது. 1923-ல் இருந்தது என்று மட்டும் சொல்லாதீர்கள்.