குவேக்கர் மீட்டிங்ல பேசுறது பெரியவங்களுக்குக் கேக்கல, என்ன மைக் வைக்கலாம்?

யார்க்‌ஷயர்ல நான் போற குவேக்கர் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) வழிபாட்டு மீட்டிங்ல ஒரு மணி நேரம் வட்டமா அமைதியா உக்காந்திருப்போம், பாதிரியாரோ மேடையோ கிடையாது, உள்ளுக்குள்ள தூண்டுதல் வந்தவங்க இருந்த இடத்துலயே எந்திரிச்சுப் பேசுவாங்க. அதனால குரல் எந்தப் பக்கத்துல இருந்து வரும்னே தெரியாது. போன குளிர்காலத்துல இருந்து காது மந்தமான சிலருக்கு ஒண்ணுமே பிடிபடல, பாவமா இருக்கு.

ஹியரிங் லூப் (மைக்ல வர்ற சத்தத்தைக் காந்தப்புலம் வழியா நேரா ஹியரிங் எய்டுக்கு அனுப்புற கம்பிச் சுற்று) இருக்கு, ஆனா ஹியரிங் எய்டை 'டி'ல (லூப்பைக் கேக்குற செட்டிங்) வச்சா நடு மேசை மைக் பக்கத்துல பேசுறது மட்டும் தெளிவா வருது, சுவரோரம் பேசினா வெறும் இரைச்சல். கை மைக் கொண்டுபோய்க் குடுத்தோம், காலடிச் சத்தத்துலயே அமைதி கலைஞ்சுருது. சத்தமா பேசச் சொல்லியும் பார்த்தாச்சு, மனசுல இருந்து வர்ற பேச்சு மெதுவாத்தான் வருது.

பழைய கட்டடம், உயரமான கூரை, மரத்தரை, சுமார் 30 நாற்காலி. எந்தப் பக்கம் பேசினாலும் பிடிச்சு லூப்புக்கு அனுப்ப என்ன மைக், எங்க வைக்கணும்?