சவாரிக்காரருக்கு எடை கூடினால் காரணம் வயதா, தசையா?

வைகைக்கரை:
எனக்கு 54 வயது. அழகர்கோயில் சாலையில் காலைக் குதிரைச் சவாரியைத் தவறவிடுவதில்லை. சாப்பாட்டு அளவும் மாறவில்லை. ஆனாலும் வயிறு முன்னே வந்துகொண்டே இருக்கிறது. நாற்பதைத் தாண்டினால் வளர்சிதை மாற்றம் மந்தமாகிவிடுகிறது என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

பசுமலை இயன்முறை மருத்துவர்:
ஐயா, வயதின் மேல் பழி போடாதீர்கள். ஹெர்மன் பாண்ட்சர் குழுவினர் 29 நாடுகளில் 6,400க்கும் மேற்பட்டவர்களின் ஆற்றல் செலவை ஆராய்ந்து 2021இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். கொழுப்பு நீங்கலான உடல் எடையைக் கணக்கில் கொண்டால், 20 வயது முதல் 60 வரை அந்தச் செலவு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கிறது. உங்களிடம் குறைந்திருப்பது தசையாகத்தான் இருக்கும். முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை அது கரைகிறது.

வைகைக்கரை:
சவாரி செய்பவனுக்குத் தசை எப்படி அம்மா கரையும்? டிராட்டில், அதாவது குதிரை துள்ளி ஓடும்போது, எழுந்து எழுந்து உட்காரும் நேரத்தில் தொடை படும் பாடு ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பசுமலை இயன்முறை மருத்துவர்:
டிராட்டில் உண்மைதான். ஆனால் எவ்வளவு நேரம் டிராட் போகிறீர்கள்? 70 கிலோ உள்ளவருக்குக் குதிரை நடையில் மணிக்கு ஏறத்தாழ 266 கலோரி செலவாகும், டிராட்டில் 406. சித்திரை வெயிலில் நம் ஊரில் பெரும்பாலும் நடைதான். அதே குதிரை, அதே சுற்று என்றால் தொடைக்குப் புதிய சுமை எதுவும் இல்லை. சுமை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினால்தான் தசை வளரும்.

லாயக்காரர்:
நான் இரண்டு பேர் சொல்வதையும் ஏற்கவில்லை. ஒரு கிலோ தசை ஓய்வில் எரிப்பது நாளுக்குச் சுமார் 13 கலோரி. இரண்டு கிலோ கூட்டினாலும் ஒரு இட்லிக்கு ஈடாகாது. எடை ஏறுவதற்குக் காரணம் லாய வேலையை ஆளிடம் விட்டதுதான். நான் லத்தி அள்ளுகிறேன், கொள்ளு ஊறிய அண்டாவைத் தூக்குகிறேன், புல்கட்டு சுமக்கிறேன். குனிந்து நின்று குளம்பைத் தொடைகளுக்கு இடையில் இடுக்கிச் சுரண்டும்போது குதிரை தன் பாரத்தை நம் மேல் சாய்க்கும். அப்போது இடுப்பும் தொடையும் படும் வேலையைச் சவாரியில் பார்க்க முடியாது. சேணத்தைக்கூடத் தானே தூக்கிப் போடாமல், வந்து ஏறி, சுற்றி, இறங்கிப் போகிறவருக்கு வயிறு எப்படி இறங்கும்?

பசுமலை இயன்முறை மருத்துவர்:
13 கலோரி சரியான கணக்கு அண்ணே. அதனால்தான் தசையை எடையோடு மட்டும் முடிச்சுப் போடக் கூடாது என்கிறேன். சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை இன்சுலின் உதவியோடு வாங்கிக்கொள்வது தசைதான். அது குறைந்தால் சர்க்கரை தங்கும் இடம் குறைகிறது. குதிரை திடீரென்று மிரண்டால் உங்களைச் சேணத்தில் பிடித்து வைப்பதும் அதே தசைதான். நீங்கள் லாயத்தில் செய்கிற அத்தனையும் சுமைப் பயிற்சி. என் கட்சியில் நின்றுகொண்டு என்னோடே சண்டை போடுகிறீர்கள்.

வைகைக்கரை:
அதே 2021 ஆய்வு, 60க்குப் பிறகு ஆற்றல் செலவு ஆண்டுக்கு 0.7 சதவீதம் குறைகிறது என்றும், தசை இழப்பைக் கழித்துப் பார்த்தாலும் குறைகிறது என்றும் சொல்கிறதே. அது வயது இல்லாமல் வேறென்ன?

பசுமலை இயன்முறை மருத்துவர்:
வயதுதான். உங்களுக்கு அதற்கு இன்னும் ஆறு ஆண்டு இருக்கிறது. ஜப்பானின் ஹிரோஷி ஹொகெட்சு 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 71 வயதில் குதிரையேறினார். புரதத்தையும் பாருங்கள். நாளுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்றால் 70 கிலோவுக்கு 58 கிராம். காலையில் இட்லி, இரவில் தோசை என்று ஓட்டினால் அது எட்டாது. முட்டை, சுண்டல், மீன் சேருங்கள். நாளை முதல் குதிரை ஏற நிற்கும் ஏறுபடியைத் தள்ளி வைத்துவிட்டு, தரையில் நின்றே அங்கவடியில் கால் வைத்து ஏறிப் பழகுங்கள்.

லாயக்காரர்:
அதை மட்டும் செய்ய வைக்காதீர்கள் அம்மா. தரையிலிருந்து ஏறும்போது முழு எடையும் ஒரே பக்கம் இழுக்கும். சேணம் புரண்டு குதிரையின் முதுகை அழுத்தும். ஐயா நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காரட்டும். ஏறுபடி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.